சித்தியின் பல்லிடுக்கு

என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஓர் அரிசியை அதில் நிறுத்தலாம். போன வாரம் பல் சுத்தம் செய்துகொள்ளப் போனேன். கச்சிபௌலியில் என் அலுவலகத்துக்கு எதிரிலேயே இருக்கிற டாக்டர் கண்ணாடியை என் கையில் கொடுத்து, அரை மணி நேரத்தில் அதை ஒட்டி மூடிவிடலாம், ஊசி கூட வேண்டாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் மனிதர் கொஞ்சம் பயந்துவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு என் சித்தியைத் தெரியாது, அவ்வளவுதான்.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்களோடு ஹப்சிகுடா வீட்டில் இருந்தாள். அப்போது நான் நான்காம் வகுப்பு. குடும்பத்தில் இந்தப் பல்லிடுக்கு எங்கள் இருவருக்கு மட்டும்தான். "அச்சு அசல் சித்திதான்" என்று யாராவது சொன்னால் அம்மாவுக்கு முகம் சுண்டிவிடும். எனக்கோ தலைகால் புரியாது.

அந்த இடுக்கை வைத்து சித்தி விசில் அடிப்பாள். விரல் வைக்க மாட்டாள், உதட்டையும் குவிக்க மாட்டாள். நாக்கு நுனியை அந்தச் சந்தில் வைத்தாள் என்றால் போதும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இரும்புக் கதவை வாட்ச்மேன் ஏழு மணிக்கே பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். சித்தி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கீழே நின்று ஒரு நீள விசில், ஒரு குட்டை விசில் கொடுப்பாள். நான் பால்கனிக்கு ஓடி, சாவியை என் பழைய பள்ளிக்கூட சாக்ஸுக்குள் போட்டு முடிச்சிட்டுக் கீழே எறிவேன். சித்தி ஒற்றைக் கையால் பிடிப்பாள். தப்பவே தப்பாது. நாள் முழுவதும் நான் காத்திருந்தது அந்த இரண்டு விசிலுக்காகத்தான் என்றால் அது மிகையில்லை.

சித்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அப்படியும் இரண்டு இடம் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கை நழுவிப்போனது. இரண்டாவது வீட்டுக்காரர்கள் தரகரிடம் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்களாம், பெண் நல்ல நிறம், நல்ல உத்தியோகம், பல்தான் என்று. அன்றைக்கு அம்மா சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா சித்தியை அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டர் ஒரு தெலுங்கு அம்மாள். கம்பியில் கோத்த குட்டிக் குட்டிப் பற்களை, வளையல் கடையில் நகப்பூச்சு நிறம் காட்டுவதுபோல, சித்தியின் பல்லோடு வைத்து வைத்துப் பார்த்தார். இரண்டில் எது என்று அவருக்கே சந்தேகம். என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏதி பாகுந்தம்மா?" என்றார். எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா! கம்பியில் இடது பக்கம் இருந்த மாதிரிப் பல்லைத் தொட்டு, "இதி" என்றேன். பிறகு ஏதோ நீலப் பசை தடவிக் கழுவினார்கள். மாவுபோல் ஒன்றை இரண்டு பல்லின் ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அப்பினார்கள். நீல வெளிச்சம் அடித்தார்கள், பீப் பீப் என்றது. தேய்த்து மெருகேற்றி முடித்தபோது சித்தியின் வாயில் சந்தே இல்லை. நான் தேர்ந்தெடுத்த நிறம் பல்லோடு பல்லாகக் கலந்துபோயிருந்தது.

இரண்டு நாள் மஞ்சள், காபி எதுவும் படக்கூடாது, கறை ஏறும் என்று டாக்டர் எச்சரித்தார். கடினமானதை முன்பல்லால் கடிக்கவே கூடாது. கரும்பு, கொய்யா, கடலை மிட்டாய் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடலை மிட்டாய் என்றதும் சித்தி என்னைப் பார்த்தாள். எங்கள் தெருமுனைக் கடையில் அதை வாங்கி ஆளுக்குப் பாதியாகக் கடிப்பது எங்கள் வழக்கம்.

வீடே இரண்டு நாள் பத்தியம் கிடந்தது. இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம். அப்பா மட்டும் ஒரு ரசத்துக்காக ஏங்கிப்போனார். திங்கட்கிழமை சாயங்காலம் நான் சாக்ஸும் கையுமாக நின்றேன். விசில் வரவில்லை. போன் அடித்தது. "கீழ நிக்கறேன்டி. சாவி போடு." எட்டிப் பார்த்தேன். சித்தி வாயைத் திறந்து காற்றை ஊதிக் காட்டினாள். வெறும் உஸ்ஸென்று காற்றுதான் வந்திருக்கும், மூன்றாவது மாடிக்கு அது எட்டவில்லை. நான் எறிந்த சாவியை அன்றைக்கு அவள் பிடிக்கவும் இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள். "பல்லு சரியாயிடுச்சு. தை மாசத்துக்குள்ள இவளை அனுப்பிடலாம்." அப்படியென்றால் அந்தச் சந்து இருந்தவரைக்கும்தான் சித்தி எங்கள் வீட்டில்! அதை அடைக்க நிறம் எடுத்துக் கொடுத்தவள் நான்! சித்தி தட்டைப் பார்த்தபடியே, ஆபீசில் புனேவுக்குப் போகிறாயா என்று மறுபடி கேட்கிறார்கள் என்றாள். "நக்கோன்னா நக்கோ, வேணாம். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் புருஷனைக் கேட்டுட்டுப் போ" என்றாள் அம்மா. அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து ஒரு வரன். உப்பலில் சொந்தக்காரர் வீட்டில் வந்து இறங்கி, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பஜ்ஜியும் கேசரியும் போயின. உள்ளறையில் சித்தி பட்டுப்புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுப் போய், பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டினேன். அந்த வயதில் நான் செய்த பெரிய துரோகம் அது, தெரிந்தே செய்தேன்.

சித்தி மிட்டாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூடத்தில் யாரோ மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மிட்டாயைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோகாமல், முன்பல்லில் நேராக வைத்துக் கடித்தாள். டக் என்றது. உள்ளங்கையில் துப்பி எனக்குக் காட்டினாள். குருணை அரிசிபோல் ஒரு வெள்ளைத் துண்டு. மீதி மிட்டாயைப் பாதியாக உடைத்து என் வாயில் போட்டுவிட்டு, காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அதுவரை எந்த வரனுக்கு முன்னாலும் வாய் திறந்து சிரிக்காதவள் அன்றைக்குப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள். பையனின் அம்மா கண்ணைச் சுருக்கி, "பல்லுல என்னம்மா?" என்றார். "ஒட்டு வெச்சிருந்தது ஆன்ட்டி. இப்பதான் ஒரு பக்கம் விழுந்துச்சு" என்று சித்தி சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர்கள் மிச்ச பஜ்ஜியையும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் போன் செய்கிறோம் என்று கிளம்பினார்கள். செய்யவில்லை.

அடுத்த வாரமே சித்தி போய் மிச்சமிருந்த ஒட்டையும் எடுத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் கீழேயிருந்து விசில் வந்தது. ஒரு நீளம், ஒரு குட்டை. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் கேட்க வந்துவிட்டார்கள். என்னால்தான், என் சாமர்த்தியத்தால்தான் சித்தி எனக்குத் திரும்பக் கிடைத்தாள் என்று யாரிடமும் சொல்ல முடியாத பெருமையோடு திரிந்தேன். அம்மா அவளோடு பேசவில்லை. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டே மாதம். சித்தி புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கல்யாணமும் ஆகவில்லை, சந்தும் அப்படியே இருக்கிறது, பிறகு எதற்குப் போகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. இவளுக்காகத் துரோகம்கூடச் செய்தேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிளம்பின அன்று என்னைக் கொஞ்ச வந்தவளை உதறிவிட்டு உள்ளறையில் போய்த் தாழிட்டுக்கொண்டேன். சாக்ஸ் என் கையில் இருந்தது, சாவி அதற்குள் இருந்தது. பெட்டிகள் படியிறங்கின. கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து விசில். ஒரு நீளம், ஒரு குட்டை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். மூன்றாவது தடவையும். நான் எழுந்திருக்கவில்லை.

சித்தி இப்போது கடல் தாண்டி இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். வீடியோவில் பேசும்போது விசில் அடிக்கச் சொல்வேன், அடிப்பாள். அவள் நாக்கு அந்த இடுக்குக்குப் போவது தெரியும், கன்னம் இழுபடுவது தெரியும். சத்தம் மட்டும் வராது. இரைச்சல் என்று நினைத்து போனே அதை அழித்துவிடுகிறதாம். "கேக்குதாடி?" என்பாள். "ஹவ், ஆமா சித்தி, கேக்குது" என்பேன்.

கடலை மிட்டாயை நான் கொடுத்ததால் அவள் கடிக்கவில்லை, போவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, கடித்தாள் என்பது எனக்குக் கல்லூரி முடிக்கும்போதுதான் உறைத்தது. அது பரவாயில்லை. மற்றதைத்தான் மறக்க முடியவில்லை. அன்றைக்குக் கட்டிலின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, விசில் என்றால் சாவி கேட்கிறாள், சாவியைப் போடாவிட்டால் அவள் கதவுப் பக்கத்திலேயே நிற்பாள், எங்கேயும் போக முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டே போகிறவளுக்குச் சாவி எதற்கு? பால்கனியில் என் முகம் ஒரு தடவை தெரிய வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.