சங்கிலி ஜெபத்தில் நான் போட்ட ஜோடி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதுவுமில்லாமல், இந்தக் கதையில் அசிங்கப்படுவதும் நான்தான்.

போன தேர்தல் சமயம், ஒரு சனிக்கிழமை. ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஆம்பூரில் எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு இரண்டு பேர். அடுத்த ஜோடி வந்து முழங்கால் போடும்வரை முந்தைய ஜோடி எழக்கூடாது. எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும். யார் யாரோடு என்று பட்டியல் எழுதும் வேலையை, என் கையெழுத்தை நம்பி, போதகர் என்னிடம் கொடுத்தார்.

சபையில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர். அந்தக் காலத்தில் உயிர் நண்பர்கள். ஆனால் வேறு வேறு கட்சி. அதற்கு முந்தின வார்டு தேர்தலில் பூத் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து பேச்சே கிடையாது. இருவரையும் மதியம் இரண்டு மணிக்கு ஜோடி போட்டுவிட்டேன். அந்தக் கூத்தை போனில் பிடிக்க, பாட்டுக்குழுவின் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

வந்தார்கள், முறைத்தார்கள். முதலில் வெளியே போகிறவர்தான் சங்கிலியை அறுத்தவர் என்று பேர் வந்துவிடுமே, அதனால் இருவரும் போகவில்லை. ஆளுக்கொரு பக்கம் முழங்கால் போட்டு, ஒருவர் குரலை ஒருவர் அமுக்குகிற மாதிரி சத்தமாக ஜெபித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஊருக்காக ஜெபித்து முடித்துவிட்டு ஆட்டோ அண்ணன் தன் வீட்டுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை வேலூரில் அவர் மனைவிக்கு ஆபரேஷன், வயிற்றில் கட்டி. சபையில் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. "ஆண்டவரே, அவள..." என்றவருக்கு அதற்கு மேல் குரல் வரவில்லை.

பிறகு சூப்பர்வைசர் அண்ணன் முழங்காலாலேயே நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

"ஆண்டவரே, இவன் தப்பான கட்சியில இருக்கான், அது உமக்கே தெரியும். ஆனா அந்தப் பொண்ணு எனக்கு எத்தினி வாட்டி சோறு போட்டுது. அத நல்லபடியா வூட்டுக்கு அனுப்பும்."

"ஜெபத்துல கட்சிய ஏன்டா இழுக்கிற" என்றார் ஆட்டோ அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

"நீ அழுதுகினு இரு. நான் கேக்கறேன்."

எடுத்தவரைக்கும் எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்தேன். மூன்று மணிக்கு அடுத்த ஜோடி வந்தும் அவர்கள் எழவில்லை. வெளியே போக வழியில்லாமல் நானும் கண்ணை மூடினேன். மனசார நான் ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான், அந்த அக்காவுக்காக.

திங்கட்கிழமை வேலூருக்கு அண்ணன்கள் இருவரும் அக்காவும் ஒன்றாகத்தான் போனார்கள். அக்கா பிழைத்து வந்தார். தேர்தல் அன்று அண்ணன்கள் அவரவர் கட்சி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் மாறவில்லை.

இப்போதும் யாரையாவது மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கக் கை அரிக்கும். அந்த ஆள் வெளியே சொல்லாமல் எதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்ததும் கை தானாக நின்றுவிடுகிறது.

நான் வேலை செய்யும் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கும் முஸ்லிம் நண்பனிடம் இதைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன்.

"தோஸ்த், எங்க அம்மிக்கு அடுத்த வாரம் கண்ணு ஆபரேஷன், அந்த ரெண்டு பேர்கிட்டயும் ஜெபம் பண்ணச் சொல்லி வை, ஒருத்தர் மட்டும் பண்ணா பத்தாது" என்றான்.