இருட்டில் ஒரு வாசல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில், இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஒரு அம்மா வாடகைக்குக் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மார்கழியில் பெண்கள் நாங்கள் விடியுமுன் பஜனை பாடிக்கொண்டு போவோம். அப்போது அவர் வாசலில் மட்டும் அகல்விளக்கு எரியும்.

கூச்சத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "நீ வேதக்காரியாச்சே, எங்களுக்கு எதுக்கு வெளக்கு வைக்கே?"

"சாமியின்ரை காலில அடைக்கலம் கேட்டுத்தானே அக்கா பாடுறியள்? நானும் அதைத்தானே கேக்கிறன்" என்றார்.

அடுத்த வைகாசியில் ஒரு பெரிய தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் இலங்கைக்காரர்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்றே, வீட்டுக்கார ஆச்சி வந்துவிட்டார். எங்கள் பஜனையில் முதல் குரல் அவருடையதுதான்.

"ஏட்டி, வீட்டைக் காலி பண்ணு. ஒங்க ஆளுகள எப்படி நம்புறது?"

"நானும் குண்டுக்குப் பயந்துதானே அம்மா ஓடி வந்தனான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

சாயங்காலமே அந்த அம்மா ஒரு பெட்டியோடு போய்விட்டார். எங்கே என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

மறு மார்கழியிலும் அதே அடைக்கலப் பாட்டைப் பாடிக்கொண்டு போனோம். பூட்டிக் கிடந்த அந்த வாசலுக்கு வந்ததும் ஆச்சி கால் தடுக்கி நின்றார். "ஏட்டி, யாராவது வெளிச்சம் காட்டுங்க" என்றார்.

அந்த இடம் அம்புட்டு இருட்டு என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.