கிடங்குச் சந்தும் கெங்கம்மாவின் காலும்

கெங்கம்மாவுக்கு வலது கால் யானைக்கால். ராயபுரத்தில் அது அதிசயமில்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீங்கின கால் இருந்தது. மற்றவர்கள் அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கும் அப்பாவுவின் பெண்டாட்டியான இவள் மட்டும் உட்காரவில்லை.

தர்மாஸ்பத்திரி டாக்டரம்மா அவளுக்குச் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: தினமும் காலைக் கழுவித் துடைக்க வேண்டும், நடக்க வேண்டும். கிடங்குச் சுவரை ஒட்டிக் கடற்கரைக்கு ஒரு சந்து போகும். மேடு பள்ளமில்லாத மண்பாதை. விடிந்ததும் அதில் நடந்துபோய்க் கடல் தண்ணீரில் காலை அலசிக்கொண்டு வருவாள். வந்த பிறகுதான் கிழிந்த கோணிகளைத் தைக்க உட்காருவாள். மாதம் தவறாமல் அவளைப் போட்டு உலுக்கிய குளிர்காய்ச்சல் அந்த நடையில் அடங்கியது. அதைப் பார்த்து மூச்சிழுப்புக்காரி பச்சையம்மாவும், பிள்ளைத்தாய்ச்சிகளும் அவளோடு நடக்கத் தொடங்கினார்கள்.

எருமைகளும் அதே வழியில்தான் கடலுக்குப் போயின. பாதை முழுக்கச் சாணி, சேறு. ஒருத்தி வழுக்கி விழுந்ததும் கெங்கம்மா பெண்களைத் திரட்டிக்கொண்டு கிடங்கு மேஸ்திரி கிருஷ்ணப்பனிடம் போனாள்.

"ஒரே கலீஜா கீது நைனா. எருமை வராம இன்னாவாவது பண்ணு."

நல்ல மனுஷன். அந்த வாரமே சந்தின் வாயில் இரண்டு தண்டவாளத் துண்டுகளை எதிரெதிராக வெளிப்பக்கம் சாய்த்து நட்டுவிட்டான். மேலே அகலம், கீழே ஒரு பாதம் மட்டும் நுழையும் இடம். ஆட்கள் ஒவ்வொரு காலாக நுழைத்துப் போகலாம். எருமை போக முடியாது.

முதலில் போனவள் கெங்கம்மா. இடது கால் போயிற்று. வலது கால் நுழையவில்லை. தூக்கித் தாண்டவும் முடியாத கனம். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அப்பாவு மேஸ்திரியிடம் போகக் கிளம்பினான். அவள் விடவில்லை.

"நானே கேட்டு வாங்கினது. என் ஒருத்திக்கோசரம் மறுபடி எருமைய வுடச் சொல்றதா? பச்சையம்மா இப்பத்தான் பயமில்லாம போய் வந்துகினு கீறா."

தெருவும் லேசாகச் சொல்லிவிட்டது: "ரயில்வே கேட்டு பக்கமா சுத்திகினு போயேன்." சொல்ல என்ன, வாய்தானே. கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால் நின்றதுதான். வழியெல்லாம் ஜல்லி. சில நாள் போனாள். கல் கிழித்துப் புண் வைத்ததும் நின்றுவிட்டாள். மழைக்காலத்தில் காய்ச்சல் திரும்பியது. கால் வெடித்து நீர் வடிந்தது. தை பிறக்கும் முன் செத்துப்போனாள்.

சுடுகாடும் கடற்கரைப் பக்கம்தான். பாடை கிளம்பும் நேரத்தில் கேட்டை மறித்துக் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று சந்துக்குத் திருப்பினார்கள். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே பாடையோடு நுழைய முடியவில்லை. கிருஷ்ணப்பன் கடப்பாரை கொண்டுவந்தான். இரண்டு பேர் நெம்பினார்கள். ஒரு துண்டு மண்ணோடு பெயர்ந்து சாய்ந்தது.

நெருப்புச் சட்டியைப் பிடித்திருந்த அப்பாவு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ்ளோதானா வேல?" என்றான்.

அவன் குழியைத் தாண்டி முன்னால் நடந்தான்.