பந்து விழுந்த இடம்

அண்ணையை அணியிலிருந்து விடுவிக்கும் கடிதம் மூன்றே வரிதான். இத்தனை வருடச் சேவைக்கு நன்றி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது, வாழ்த்துகள். அதைத் தட்டச்சு செய்தவள் நான். ஜெர்மனியின் கொலோனில், முட்டைவடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் அலுவலகத்தில் அப்போது எனக்கு இரண்டாவது வருடம். ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான குளிர்கால மாதங்களில், யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது, யாரைப் புதிதாக எடுப்பது என்ற பட்டியல் என் மேசையில் வாரத்துக்கு வாரம் மாறும். அந்த வாரம் அண்ணையின் பெயர் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அவருடைய இடத்துக்கு ஓர் இளம் அமெரிக்கரைப் பேசி முடித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

அண்ணை என்று நான் அழைத்த அவர், மன்னாரிலிருந்து சிறுவயதில் ஜெர்மனிக்கு வந்தவர். வுப்பர்டாலில் பொதி பிரிக்கும் நிலையத்தில் காலை வேலை, பின்னேரம் எங்கள் அணியின் உதையாளர். ஒவ்வொரு முறை புள்ளி எடுத்த பிறகும் பந்தை எதிரணியின் பக்கம் உதைத்து அனுப்புவது அவர் பொறுப்பு. முப்பத்தாறு வயதில் அவர் காலில் பெரிய வலு இல்லை. பழைய விதிப்படி, மைதானத்தின் கோடியையும் தாண்டிப் பந்தை அனுப்புகிறவரே கெட்டிக்காரர். எதிரணிக்கு அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓட வழியே இராது. அண்ணையின் பந்து அதற்குள் விழுந்துவிடும். தமிழ் விளையாட்டுக் கழகத்தின் சாதாரண உதைபந்தாட்டத்தில், மூலையிலிருந்து கோர்னர் அடித்துப் பழகிய கால் அது. நினைத்த இடத்தில் பந்தை இறக்கத் தெரியும். ஆனால் எங்கே விழுகிறது என்று அந்நாளில் யாரும் பார்க்கவில்லை, எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வந்து சந்திக்கும்படி அவருக்கு டெர்மின் கொடுத்திருந்தேன். அன்று காலைதான் லீக்கின் புதிய விதிகள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றை ஜெர்மனுக்கு மாற்றுவதும் என் வேலை. ஏழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. வீரர்கள் வேகமாக ஓடிவந்து மோதிக் காயப்படுவதைக் குறைக்க, அண்ணை அடிக்கும் அந்தத் தொடக்க உதையையே மாற்றியிருந்தார்கள். இனிப் பந்து கோடியைத் தாண்டிப் பறந்தால் அது தண்டனை. எதிரணி வெகுதூரம் முன்னால் நின்று ஆட்டத்தைத் தொடங்கலாம். எதிரணியின் கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசி இருபது யார்டுக்குள் பந்து தரையில் விழ வேண்டும். விழுந்தால் எதிரணி அதை எடுத்து ஓடியே ஆக வேண்டும். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை வாசித்தேன். பிறகு கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, தலைமைப் பயிற்சியாளரின் அறைக் கதவைத் தட்டினேன்.

அவர் ஜெர்மன்காரர், அதிகம் பேசாதவர். நான் நீட்டிய விதித்தாளை வாசித்துவிட்டு, "உனக்கு அவர் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் மைதானத்தில் காட்டட்டும்" என்றார்.

அண்ணை வந்தபோது வேலை உடுப்பிலேயே இருந்தார். முகத்தைப் பார்த்தவுடன் விளங்கியது, அவருக்குத் தெரியும். "எதில கையெழுத்து வைக்கோணும், தங்கச்சி?" என்றார்.

"ஒண்டிலயும் வைக்க வேண்டாம் அண்ணை. சப்பாத்து கொண்டந்தனீங்களோ?"

"காருக்குள்ள கிடக்கு."

"அப்ப போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வாங்கோ. பத்துப் பந்து இருக்கு."

புல் நனைந்திருந்தது. அந்த இருபது யார்டு வலயத்தின் நான்கு மூலைகளிலும் பயிற்சியாளர் கூம்புகளை வைத்தார். முதல் பந்து வலயத்துக்கு முன்பே விழுந்தது. அண்ணை கொஞ்சம் புல்லைப் பிய்த்து மேலே விட்டுக் காற்றைப் பார்த்தார். அடுத்த ஒன்பதும் உள்ளே விழுந்தன. கடைசி இரண்டையும், "இடப்பக்க மூலைக்கு" என்று சொல்லிவிட்டே அடித்தார். பயிற்சியாளர் குனிந்து கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இரண்டு வருட ஒப்பந்தப் படிவம் நம்மிடம் இருக்கிறதா?"

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்களுக்கு இரண்டு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம் மிச்சம். அண்ணை உதைத்த பந்து இடப்பக்க மூலையில் இறங்கி, கோணலாகத் துள்ளியது. எதிரணிக்காரர் பிடிக்கப் போய் நழுவவிட்டு, அதன்மேலேயே விழுந்தார். எங்கள் ஆட்கள் அவர் மேல். தங்கள் கோட்டிலிருந்து மூன்று யார்டில் அவர்கள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. பத்து யார்டு முன்னேற அவர்களுக்குக் கிடைத்த நான்கு முயற்சியும் பலிக்கவில்லை. நாங்கள் வென்றோம்.

இன்று மற்றக் கழகங்கள் உதையாளர்களைத் தேடி எழுதும் கடிதங்களில், பந்து எங்கே விழும் என்பதே முதல் கேள்வி. அவற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்த முதல் ஆட்டத்தின் பின்னேரம் எனக்கு நினைவு வரும். நீளமான பெயர் வாயில் நுழையாது என்று, ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அண்ணையை வருடக்கணக்காகச் சட்டையிலுள்ள எண்ணைச் சொல்லியே அழைத்து வந்தார். அன்று அவர் ஒரு தாளைப் பார்த்து, முழுப் பெயரையும் ஐந்து துண்டாக உடைத்துச் சொன்னார். ஒவ்வொரு துண்டையும் அரங்கமே எழுந்து நின்று திருப்பிச் சொன்னது. நான் கோட்டருகே அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, கடைசி எழுத்து வரை கேட்டார்.

"பிழையாத்தான் சொல்லுறாங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. "சொல்லட்டும்."