மூன்றாம் நம்பர் ரூம்: காலியா, காளியா?

1. பார்ஜ் வந்த நாள்

பார்ஜை ஜெட்டியில் கட்டியாகிவிட்டது. அந்தச் சரக்குப் படகு நிறைய ரேஷன் அரிசி. மேற்கே வானம் கரிச்சட்டியாகக் கறுத்துக்கொண்டு வந்தது. லோடு இறக்க வேண்டிய ஆட்கள் ஒரு மூட்டையையும் தொடாமல், குடோன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

குடோனில் மூன்று ரூம்கள். முதலாவதில் கூரை ஒழுகும். இரண்டாவதில் கோதுமை அடைத்துக் கிடந்தது. அரிசியை வைக்க மூன்றாவதுதான் மிச்சம். அதற்குள் போக மாட்டோம் என்று லோடு ஆட்களின் மேஸ்திரி ஹரி தாதா தலையை ஆட்டிவிட்டார். வங்காளிகள் அண்ணனைத் தாதா என்பார்கள், அக்காவைத் தீதி என்பார்கள். அந்த முறையில் அவர் எனக்குத் தாதா, நான் அவருக்குத் தீதி. நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி.

போர்ட் பிளேரிலிருந்து மேலாளர் சார் போன் செய்தார்.

"ஆரோக்கியமேரி, ரூம் காலியா இருக்குன்னு நீதானம்மா சொன்ன? அதை நம்பித்தான் முழு லோடையும் ஏத்தி விட்டிருக்கேன். அது நனைஞ்சுதுன்னா கிரீக் பக்கத்து ஊர் அத்தனைக்கும் மழைக்காலத்துல அரிசி கிடையாது. அதுக்கப்புறம் நீயும் அங்க கிடையாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ரூம் காலி என்று தகவல் கொடுத்தது நான்தான். சும்மா அடித்துவிடவும் இல்லை. சேர்ந்த அன்றே ஹரி தாதாவிடம், "தீன் நம்பர் காலி ஹை க்யா?" என்று, மூன்றாம் நம்பர் காலியா என்பதை என் ஓட்டை இந்தியில் கேட்டேன். "ஹாம் தீதி, காலி ஹை. ஹமேஷா ஹை," என்றார். எப்போதுமே இருக்கிறது என்று அழுத்திச் சொன்னதை, எப்போதுமே காலிதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வாசலில் நின்று மறுபடி கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பி, நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்திக்காரர்கள் வெறும் இடத்தைச் சொல்லும் காலியில் 'கா'வுக்கு ஒரு மூச்சுக் கொடுப்பார்கள். தமிழ் நாக்குக்கு அந்த மூச்சு வராது. மூச்சில்லாமல் சொன்னால் அவர்கள் காதில் அது தேவியின் பெயர். அவர்களுக்கோ நம்முடைய 'ள' வராது, காளியைக் காலி என்றுதான் சொல்வார்கள். ஆக, நான் காலியா என்று கேட்டேன், அவர் காளி என்று பதில் சொன்னார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசியிருக்கிறோம்.

2. எல்லா மாநிலத்துப் பேயும்

அந்தக் குடோன் வெள்ளைக்காரன் காலத்தில் மரம் வைக்கக் கட்டியது. உள்காட்டில் வெட்டிய படாக் மரத்துண்டுகளைக் கிரீக் என்கிற கடற்கழி வழியாக மிதக்கவிட்டுக் கொண்டுவந்து இங்கேதான் ஏற்றினார்களாம். கரையோரச் சேற்றில் தூண்கள் நட்டு, அதன்மேல் பலகைத் தளம் போட்ட கட்டடம். கடல் பெருக்கில் தண்ணீர் ஏறினால் தளத்துக்கு அடிவரைக்கும் வரும். பிறகு ஜப்பான்காரன் வந்து போனான். அதற்கும் பிறகுதான் அரிசியும் கோதுமையும் வந்தன.

மூன்றாம் ரூமில் சில நேரம் தொம், தொம் என்று சத்தம் கேட்கும். அது என்ன என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது. மரம் அறுத்த கைதி ஒருவன் இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறான் என்பார் ராஞ்சிக்காரர். கிரீக்கில் முங்கிய படகோட்டி கதவைத் தட்டுகிறான் என்பார் தெலுங்கர். ஜப்பான் சிப்பாயின் பூட்ஸ் சத்தம் என்பார் டீக்கடை மலையாளி. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, முனி நடக்கிறது என்றார்கள். ஹரி தாதாவின் கூட்டத்துக்கு அது காளி மாவின் உடுக்கை. எங்கள் தீவை மினி இந்தியா என்பார்கள். பேய் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. ஒரே ரூமில் அத்தனை மாநிலத்துப் பேய்களும் தகராறு இல்லாமல் குடியிருந்தன.

3. காலி செய்தல்

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் போனில் கேட்ட அந்த "நீயும் அங்க கிடையாது" பேயைவிட அதிகமாகச் சுட்டது. சிலுவை போட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன். உள்ளே வௌவால் நாற்றமும் இருட்டும். ரூமின் நடுவுக்குப் போகுமுன்னே காலுக்கடியில் தொம் என்றது. பலகை அதிர்ந்தது.

என் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர். போர்ட் பிளேரில் மீனவர்கள் குடியிருக்கும் ஜங்லிகாட்டில் படகுகள் ஜெட்டியில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் நான். மரம் மரத்தில் இடிக்கும் சத்தம் எனக்குப் புதிதா என்ன? தரையில் குப்புறப் படுத்து, உளுத்துப்போன ஒரு பலகையைப் பெயர்த்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே ஒரு பெரிய மரத்துண்டு மாட்டிக் கிடந்தது. பெருக்கு ஏற ஏற அது மிதந்து தளத்தை இடித்தது. அடியில் முதலை படுக்கும் என்று யாரும் குனிந்து பார்த்ததே இல்லை.

வெளியே ஓடிவந்து, மரம்தான் தாதா, பேயுமில்லை பிசாசுமில்லை என்றேன். ஹரி தாதா அசையவில்லை.

"லக்டி தோ ஹை தீதி. லேகின் பஜாத்தா கோன் ஹை?"

மரம் சரி, அதை வைத்துக் கொட்டுகிறது யார் என்று கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வானம் இருந்த இருப்பில் வாதம் செய்ய நேரமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சரி தாதா, மா அங்கதான் இருக்காங்க. ஆனா இருட்டுல, சேத்துல, தலைக்கு மேல பலகையோட இருக்காங்க. ஒரு தாயை இப்படியா வெச்சிருக்கறது? வெளியே பாதாம் மரத்தடியில நல்ல இடம் இருக்கு. ரூமைக் காலி பண்ணித் தருவாங்களான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அவர் பீடியை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி வரை போய், உள்ளே பார்த்து வங்காளத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே தண்ணீர் தளும்பி, தொம் என்று ஒரே ஒரு தடவை கேட்டது.

ஹரி தாதா திரும்பினார். "மா நே ஹாம் போலா," என்றார். அம்மா சம்மதித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பலகை ஓட்டை வழியாகக் கயிறு இறக்கி, மரத்துண்டின் கழுத்தில் சுருக்குப் போட்டோம். பார்ஜ்காரர் கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுற்றினார். முனகிக்கொண்டே அது தூண்களுக்கு நடுவிலிருந்து கழன்று கிரீக்குக்கு வந்தது. கயிறு உரசிய இடத்தில் பாசி பெயர்ந்து, படாக்கின் சிவப்பு குங்குமம் மாதிரித் தெரிந்ததும் ஆட்கள் போட்ட "ஜெய் மா காலி" கிரீக்கின் அந்தக் கரைவரைக்கும் கேட்டது. நானும் சேர்ந்து கத்தினேன். மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதை வின்ச்சாலேயே கரையேற்றி, பாதாம் மரத்தடியில் நிமிர்த்தி நட்டு, செம்பருத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டு மூட்டைக்குத் தாவினார்கள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. தலையில் மூட்டையோடு போட்டி போட்டுக்கொண்டு மூன்றாம் ரூமுக்குள் ஓடினார்கள்.

புதிதாகச் சேரும் ஸ்டோர் கீப்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தத் தீவில் எந்த வார்த்தையையும் இரண்டு பாஷையில் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆட்கள் பயப்படும் பொருளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதற்கு மரியாதையாக வேறு ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள், தானாக வழி விடும்.

கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது. பார்ஜ்காரரிடம் சீட்டில் கையெழுத்து வாங்க நான் ஜெட்டியில் நின்று தொப்பலாக நனைந்தேன். ஒரு மூட்டைகூட நனையவில்லை என்ற சந்தோஷத்தில் மழை உறைக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஆட்கள் எல்லாரும் மூன்றாம் ரூமுக்குள் மூட்டைகளின்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹரி தாதா உள்ளேயிருந்து எனக்கும் ஒரு கிளாஸை நீட்டிக்கொண்டு அதட்டினார்.

"க்யா டர்தா ஹை தீதி? அந்தர் ஆவோ."

என்ன பயம், உள்ளே வா என்கிறார். என்னை.