வேலூர்த் துறையில் மக்கர் செய்த மோட்டார் படகு

சென்ற தை மாதம் என் தங்கை சரஸ்வதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காவிரிக்கு அக்கரையில், கரூர்ப் பக்கத்துக் கிராமம்; கல்யாணமும் அங்கேதான். கூறைப் புடவை அவர்கள் பொறுப்புதான். “ராசிபுரத்தில் எனக்குத் தெரியாத தறியா?” என்று ஜம்பமாக அதை ஏற்றுக்கொண்டவன் நான். எல்லோரும் கல்யாண ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் புடவை தறியிலேயே இருந்தது. பத்தரைக்குள் முகூர்த்தம். அதற்குள் புடவையோடு நான் போய்ச் சேராவிட்டால், சம்பந்தி வீட்டில் சரஸ்வதிதான் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

பரமத்தி வேலூர்த் துறையில் பரிசலில் அக்கரை போக முக்கால் மணி ஆகும். சந்தை நாளென்றால் காத்திருக்கவே ஒரு மணி. படகோட்டி செல்லப்பன், ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய மோட்டாரைத் தம் படகின் பின்பக்கம் மாட்டியிருந்தார். ஓடினால் பத்து நிமிஷம். யுத்த காலம் என்பதால் பெட்ரோலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் தம் கார் ரேஷனில் ஒரு காலன் கொடுத்தார்.

முதல் நாள் பகல் இரண்டு மணிக்குச் சேலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓடும் கரி பஸ் ஏறினேன். ராசிபுரம் பதினேழு மைல், ஆறணா, இரண்டு மணி நேரம். வழியில் என் பெட்ரோல் டின் ஒழுக ஆரம்பித்தது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. “டின்னை மாத்துங்க, இல்லீனா எறங்குங்க” என்றார் கண்டக்டர். நியாயம்தான். ராசிபுரத்தில் ஒரு நெய்க்கடையில் காலி டின் வாங்கி, பெட்ரோலை அதில் ஊற்றிக்கொண்டேன். டின்னுக்குள் எட்டிப் பார்த்தேனா? இல்லை. புடவையைப் பார்க்கும் அவசரம். மாம்பழ நிறம், அரக்குக் கரை; கண்ணை எடுக்க முடியவில்லை.

இரவு நாமக்கல்லில் தங்கினேன். நல்ல குளிர். மறுநாள் எட்டரைக்குத் துறையில் இருந்தேன். பெட்ரோலை ஊற்றும்போது செல்லப்பன் முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க சாமி, இது என்னமோ மஞ்சளா இருக்குதுங்களே?”

“ரேஷன் பெட்ரோல் இப்படித்தான் இருக்கும்” என்றேன், நானே கிணறு தோண்டி எடுத்ததுபோல.

கயிற்றை நாலு தரம் இழுத்ததும் மோட்டார் கிளம்பியது. நடு ஆற்றில் இருமியது, விக்கியது, நின்றது. படகு கிழக்கே மிதக்கத் தொடங்கியது. துடுப்பு ஒன்றுதான்; ஆற்றின் இழுப்பில் அதுவும் உதவவில்லை. நான் புடவை மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று இப்போது கேட்டால் தெரியாது.

செல்லப்பன் பதறவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பொறி வந்தது. டாங்கி மூடியில் காற்றுத் திருகைத் திறந்து பார்த்தார், திறந்தேதான் இருந்தது. குழாயை உருவி ஊதினார்; பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கடைசியில் கார்புரேட்டரைப் பிரித்தார். கிண்ணத்தின் அடியில் வெண்மணலாக ஏதோ உறைந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சும் ஜெட் துளையில் கருகிய இலைத் துணுக்கு ஒன்று. அதை நகத்தில் எடுத்து வெயிலில் பிடித்தார்.

“முருங்கைக் கீரைங்க!” துணுக்கை என்னிடம் நீட்டினார். “எஞ்சினுக்குள்ள முருங்கைக் கீரை எப்படிங்க வரும்?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெண்ணெய் உருக்கும்போது மணத்துக்காக முருங்கைக் கீரை போடாத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? நெய்க்கடை டின்னைக் காலால் மெதுவாகப் பலகைக்கு அடியில் தள்ளினேன்.

“பழைய மோட்டார் பாருங்க, எங்கெங்கேயோ கெடந்துருக்கும். என்னால ஒரு பொண்ணு கண்ணாலம் நிக்குதே சாமி” என்று அவர் கண் கலங்கினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிராயச்சித்தமாக, கட்டியிருந்த புது வேட்டியின் முனையைக் கொடுத்தேன். டாங்கியில் இருந்த பெட்ரோல் முழுவதையும் அதில் நாலு மடிப்பாக வடிகட்டினோம். மோட்டார் மறுபடி பிடித்தது. அக்கரை வரைக்கும் பந்தி வாசனையோடு புகை விட்டது.

பத்து ஐந்துக்குப் பந்தலில் நுழைந்தேன். புடவையைக் கையில் வாங்கிய சரஸ்வதி, “வருவேன்னு தெரியும்ண்ணா” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. என் வேட்டியிலிருந்து வீசிய பெட்ரோல் வாடையால், புரோகிதர் என்னை ஹோம குண்டத்துக்குப் பத்தடி தள்ளியே நிறுத்திவிட்டார். தங்கை கல்யாணத்தைத் தூணோரம் நின்று பார்த்த அண்ணன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த வழியில் போகிறவர்கள் டின்னைச் சோடா உப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். ஊற்றும்போதே துணியில் வடிகட்டுங்கள். படகுக் கூலி ஒரு ரூபாய்; செல்லப்பன் என்னிடம் வாங்க மறுத்துவிட்டார். ஊர் திரும்பும் நாளில் துறையில் பார்த்தேன். மோட்டாரை அக்கக்காகப் பிரித்துக் கோணியில் பரப்பி, கீரை நுழைந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பரிசல்காரர் பின்னால் ஒளிந்துவந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால், மோட்டார்மேல் குற்றமில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை.