குழை தொங்கிய கிளைவழி

தவராசாவின் மகனைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். கதிரவெளியில் இதை அறிந்தவர் என்னைத் தவிர எவரும் இல்லை. இப்போது நீங்களும் அறிவீர்கள்.

கடல் வந்து வீட்டையும் மனைவியையும் கொண்டுபோன பிறகு தவராசாவால் கரையில் படுக்க முடியவில்லை. அலைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவான். தேனெடுக்கும் சாட்டில் என்னையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் தங்க இடம் தேடினான். ஆள் கண்ணில் படாத இடம் வேண்டும் அவனுக்கு. தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதன் ஓரத்தில் படுக்கக் கூடாது, யானை வரும். தலைக்கு மேலே முறிந்து விழக்கூடிய பட்ட கொப்பு இருக்கக் கூடாது. அடுப்புப் புகை இலைகளுக்குள்ளேயே கரைய வேண்டும். கடைசியில் வீரை மரங்களுக்கு நடுவே ஒரு பாறைச் சரிவைக் கண்டுபிடித்தான். கடலுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மச்சான், இந்த இடத்த ஒருத்தருக்கும் சொல்லாத. மாமாங்கப் பிள்ளையார் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

பிறகு சண்டை மூண்டது. துவக்கோடு வந்தவர்கள் சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். தவராசா தன் மகன் ரவியை அந்தப் பாறையடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்தான். எனக்கு இருந்தது ஒரே மகள், சுமதி.

"ரவி எங்க எண்டு சொன்னா உங்கட புள்ளைய விடுறம், அண்ணன்" என்றான் வந்தவர்களில் ஒருவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

நான் இடத்தைச் சொல்லவில்லை. சத்தியம் செய்தவன் அல்லவா! இதை மட்டும் சொன்னேன்: பிள்ளையாருக்கென்று ஒரு இலைக்குழையை முறித்துக் கிளையில் தொங்கவிடாமல் எங்கள் ஊரார் காட்டுக்குள் இறங்கமாட்டார்கள். தவராசா மகனுக்குச் சோறு கொண்டுபோகிறான். வண்டிப்பாதையில் எந்தக் கிளைவழியில் வாடாத குழை தொங்குகிறதோ, அங்கே திரும்புங்கள்...

பிள்ளையை ஒளித்து வைத்தவன் வழியில் அடையாளம் விட்டுப் போவானா என்று கேட்கிறீர்களா? போவான். சாமிக்குச் செய்வதை அவன் ஒருநாளும் அடையாளமாக நினைத்ததில்லை. கூடவே நடந்த எனக்குத்தானே அது தெரியும்!

ரவியைப் பிடித்தார்கள். அடுத்த கிழமை சுமதியையும் கொண்டுபோனார்கள். என் வாசலில் நின்று வாக்குக் கொடுத்த அதே ஆள்தான் வந்தான். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள், பாவிகள்... இத்தனை ஆண்டுகளாக மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டும்போதே ஒரு கேள்வி எழுகிறது: நீ தவராசாவுக்குச் செய்தது மட்டும் என்ன? வயிறெரிந்து திட்ட எனக்காவது ஆள் இருக்கிறது. அவனுக்குக் காட்டிக் கொடுத்தவன் யாரென்றே தெரியாது.

யுத்தம் முடிந்து சில மாதங்களில் சுமதி தடுப்பு முகாமிலிருந்து திரும்பி வந்தாள். ரவி வரவில்லை. அவளைப் பார்க்க முதலில் ஓடிவந்தவன் தவராசா. அவள் தலையைத் தடவித் தடவி அழுதான். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அன்றாவது சொல்லியிருக்கலாம்...

இப்போதும் அவன் தேனுக்குப் போகிறான், குழை முறிப்பதில்லை. அமிர்தகழியில் மாமாங்கப் பிள்ளையார் திருவிழாவுக்கும் வருவதில்லை. போன வருடம் காரணம் கேட்டேன். அக்கறையில் கேட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அவன் சந்தேகம் என் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று அறியத்தான் கேட்டேன்.

"குழைக்குக் கீழதான் அவங்கட சப்பாத்துக் கால்தடம் காட்டுக்குள்ள திரும்பிக் கிடந்தது, மச்சான். பிள்ளையாருக்கெண்டுதானே முறிச்சன். அவரே என்ட புள்ளையக் காட்டிக் குடுத்திட்டார்."

நான் மறுக்கவில்லை. பழி பிள்ளையார் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் சாமியோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். மகனைப் பற்றி என்னோடு மட்டும்தான் கதைக்கிறான்.